தைக்கக் கொடுக்காத இரண்டு சேர்ட்டுகள்

இஞ்ஞாசி காவல் வேலைக்கு ஆள் எடுத்த விதத்தை மாத்தளை டவுனில் அப்போது சிரித்துக்கொண்டே சொன்னார்கள். வேலை கேட்டு வந்தவர்களை அவர் உள்ளே கூப்பிடவில்லை. நிதி நிறுவனத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, வாசலில் அவர்கள் காத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை நோண்டியவனையும் சுவரில் சாய்ந்தவனையும் புதுச் சப்பாத்தைக் குனிந்து குனிந்து பார்த்தவனையும் மனதுக்குள்ளேயே கழித்துவிட்டார். பிறகு பிளேன்டியைக் குடித்து முடித்து, ரோட்டைக் கடந்து வந்து, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"நீ வந்து நின்னதுக்குப் பொறகு உள்ள போனவங்கள்ல யாரு இன்னும் வெளிய வரல்ல?"

பெரும்பாலானவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். லக்கலையிலிருந்து வந்த ஒரு சிங்கள மனிதர் மட்டும், இருமிக்கொண்டே போன ஒரு வயதான அம்மாவும், நகைப்பையைச் சேலைக்குள் மறைத்துப் பிடித்திருந்த ஒரு இளம் பெண்ணும் இன்னும் வரவில்லை என்றார். காட்டுச் சேனைப் பயிரில் மரத்து மேல் குடிசை கட்டி யானைக்குக் காவல் இருந்து பழகியவர் அவர். இஞ்ஞாசி அந்த இடத்திலேயே அவரை எடுத்துக்கொண்டார்.

அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு காவல் பிரிவு அதுவரை இருந்ததில்லை. வெளியே ஒரு ஏஜென்சிதான் ஆள் அனுப்பும். மாதத்துக்கு ஒரு முகம் வரும், போகும். ஒருநாள் அடகு அறைக்கு முன்னால் நின்றவன் யாரென்று ஏஜென்சிக்காரர்களிடம் கேட்டபோது அவர்களுக்கே தெரியவில்லை. கொழும்புத் தலைமையகம் மிரண்டுபோய், இனிச் சொந்த ஆட்களை வைக்கச் சொன்னது. இஞ்ஞாசி கொழும்பில் பணம் ஏற்றும் வேன்களோடு பாதி ஆயுளைக் கழித்தவர். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, வயதான காலத்தில் அங்கேயே திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டவர். கிளை மனேஜர் ரிஸ்வி அவரைத் தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

இஞ்ஞாசி பிரிவை நடத்திய முறை தோட்டத்துப் பெரட்டு முறை. காலையில் நிறுவனம் திறப்பதற்கு முன் எல்லாரும் பின் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். அவர் பெயர் கூப்பிடுவார். முதலில் தன் பெயரையே கூப்பிட்டு, "இருக்கேன்" என்று தானே பதில் சொல்லிக்கொள்வார். பெயர் சொல்லப்பட்டவன் ஓர் அடி முன்னால் வர வேண்டும். மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"இது என்னா மாமா, பெரட்டுக் களமா?" என்று கிறிஷாந்த் முதல் நாளே கேட்டான். "ஆளுக்கொரு கூடையும் குடுத்திருங்க, அப்படியே மலைக்குப் போயிருவோம்."

"டியூட்டில மாமா கிடையாது."

"சரி, பெரியதொர."

வரிசை முழுவதும் சிரித்தது. இஞ்ஞாசியும் சிரித்தார். கிறிஷாந்தை அவருக்குப் பிடிக்கும். அவனும் எல்கடுவதான், பக்கத்து லயம். அவனுக்குப் பின் கேட்டைக் கொடுத்திருந்தார். அது ஒரு சந்துக்குள் திறக்கும் சிறிய கேட். அங்கிருந்து முற்றம், முற்றத்திலிருந்து ஒரு குறுகிய நடை, நடை முடியும் இடத்தில் அடகு அறை. அந்த அறை வாசலில் இஞ்ஞாசி தன் பொறுப்பில் ஒரு இரும்புக் கிராதி போட்டு வைத்தார். பகலில் ஆட்கள் தேத்தண்ணிக்கும் கழிப்பறைக்கும் போய் வருவதால் அது திறந்தேதான் இருக்கும். இழுத்துவிட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி இல்லாமல் இரண்டு பக்கத்திலிருந்தும் திறக்க முடியாது.

அடகு அறையில் நிற்க ஒரு பெண் தேவைப்பட்டது. நகையோடு வரும் பெண்களின் பையை ஆண்கள் தொட்டுப் பார்ப்பது சரிவராது. எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்பச் சம்மதிக்கவில்லை. கடைசியில் ரிஸ்விதான் கேட்டார்.

"ஒங்கட மகள் ஏ.எல். படிச்சு முடிச்சிட்டு வீட்டுலதானே, அண்ணன்?"

சொந்தக்காரர்களை எடுப்பதில்லை என்று அவர் வைத்திருந்த ஒழுங்கு அதோடு உடைந்தது. டிலுக்ஷிக்கு வேலை பிடித்திருந்தது. அவள் அம்மா மரிய கொறற்றிக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "போகும்போது ஒங்க கூட போறா. வரும்போது ஒங்க கூடத்தான் வரணும். எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

அன்றிலிருந்து அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில் போனார்கள், ஒரே பஸ்ஸில் வந்தார்கள். மாலையில் படியில் காலடிச் சத்தம் கேட்டதும் குசினிக்குள்ளிருந்து கொறற்றி குரல் கொடுப்பாள். "ரெண்டு பேரும் வந்தாச்சா?" அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "ரெண்டு பேரும் வந்தாச்சு" என்பார்.

அடை மழை பெய்த வாரமொன்றில் ஒரு சம்பவம் நடந்தது. காலை வரிசையில் கிறிஷாந்தின் பெயருக்கு ஒருவன் முன்னால் வந்தான். மழைக்கோட்டும் தொப்பியும் போட்டிருந்தான். இருட்டுக் கட்டிய காலை, யாரும் கவனிக்கவில்லை. பத்து மணித் தேத்தண்ணிக்குத் தொப்பியைக் கழற்றியபோதுதான் அது கிறிஷாந்த் இல்லை, அவன் மனைவியின் தம்பி ஷியாம் என்று தெரிந்தது.

"மச்சானுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், மாமா. பேரும் சம்பளமும் போயிருமேன்னு நான் வந்தேன். கேட்ட விட்டு ஒரு அடி நகரல்ல."

நகரவில்லைதான். அவன் கால் நின்ற இடத்தில் மட்டும் சீமெந்து காய்ந்திருந்தது. இஞ்ஞாசிக்குக் கோபம் வரவில்லை. தோட்டத்தில் யாராவது படுத்துவிட்டால் வீட்டில் இன்னொருவர் அந்தப் பெயருக்குப் போவது புதிதல்ல. கங்காணி கண்டும் காணாததுபோல் இருப்பார். வேலை நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். இஞ்ஞாசியே இளவயதில் தொழிற்சாலைக் காவலுக்கு அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஷியாமுக்குத் தேத்தண்ணியோடு ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்து, "இன்னொரு தடவ இப்படி வராத" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்டவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

மழை விட்டு, தை பிறந்த பிறகு ஒருநாள், கிழிந்த பொக்கெற் ஒன்றைத் தைக்கக் கொடுக்க ஸுபைதாவின் கடைக்குப் போனார். அவர்களின் உடுப்பு முழுவதையும் தைத்தவள் அவள்தான். சாம்பல் சேர்ட், கறுப்புக் களிசான், தோளில் நிறுவனத்தின் சின்னம்.

"என்ன அண்ணன், கடைசியா தச்ச ரெண்டு சேர்ட்டும் சைஸ் சரியா இருந்திச்சா?"

"எந்த ரெண்டு, ராத்தா?"

"நீங்க செல்லித்தானே வந்தாங்க. புதுசா எடுத்த ரெண்டு பேரு. தோள்ல தைக்கிற சின்னமும் அவங்களே கொண்டு வந்தாங்க. ஒருத்தர் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாரு. மத்தவரு வாயே தொறக்கல்ல. அவருக்கு இடது தோள் கொஞ்சம் தாழ்வு. நான் தோள் தையல இறக்கிக் குடுத்தேன். அதான் கேட்டேன்."

இஞ்ஞாசி தையல் மிஷினின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸுபைதா கையை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"எப்ப வாங்கிட்டுப் போனாங்க?"

"நத்தாருக்கு முந்தி, டிசம்பர் மாசம். ஏன் அண்ணன்? நீங்க அனுப்பல்லியா?"

"இல்ல இல்ல. நான்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. ஸுபைதாவைப் பயமுறுத்த வேண்டாம் என்றிருக்கலாம். அந்தச் சேர்ட்டுகளை அவர்தான் தைக்கக் கொடுத்தார் என்றால் அவை இரண்டும் ஏதோ ஒரு அலுமாரிக்குள் மடிந்து கிடப்பதாகிவிடும் என்று ஒரு கணம் தோன்றியுமிருக்கலாம்.

ரிஸ்வி கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னதைக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முதலில் பார்த்தது கண்ணாடிக்கு அப்பால் வரிசையில் நின்ற வாடிக்கையாளர்களை.

"பொலிஸுக்குப் போவமா, சேர்?"

"ரெண்டு சேர்ட்டுன்னு என்ட்ரி போடப் போனா சிரிப்பாங்க. நான் ஹெட் ஒபீஸுக்கு விஷயத்தச் செல்றேன்."

மறுநாள் தலைமையகத்தின் பதில் வந்தது. உடுப்பை மாற்றுவதை அடுத்த வருடம் பார்க்கலாம். இப்போதைக்கு விஷயம் வெளியே போகக் கூடாது.

"நம்ம ஆளுங்களுக்கும் சொல்லக் கூடாதா?"

"ஒருத்தருக்குச் சென்னா மத்தியானத்துக்குள்ள யட்டவத்த வரைக்கும் போயிரும், அண்ணன். நாளைக்கு விடிய அத்தனை பேரும் நகையத் திருப்ப வந்து நிப்பாங்க. நீங்க ரூல்ஸ மட்டும் இறுக்குங்க. காரணம் செல்ல வேணாம்."

மேலே இருப்பவர் சொன்னால் கேட்டுக்கொள்வது இஞ்ஞாசிக்குப் பழகிப்போன ஒன்று. கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் வரிசையில் புதிய ஒழுங்கு வந்தது. "உடுப்பப் பாத்து கேட்டத் தொறக்காதீங்க. மூஞ்சியப் பாத்துத் தொறங்க. தெரியாத மூஞ்சின்னா யாரா இருந்தாலும் எனக்குப் போன் அடிங்க. ஆள் மாறி வாறது இன்னையோட முடிஞ்சிச்சு. அண்ணன் தம்பி மச்சான் யாரும் வரப்படாது."

"ஏன் சேர், என்னா நடந்திச்சு?" என்று கேட்டார்கள்.

"ஒன்னும் நடக்கல்ல. ரூல்ஸ்."

தினமும் அதையே சொன்னார். சில நாட்களில் அவர் வாயைத் திறக்கும் முன்பே கிறிஷாந்த் அவர் குரலில், "மூஞ்சியப் பாத்துத் தொறங்க" என்று சொல்லிக் காட்டுவான். லக்கலை மனிதருக்குக்கூட அந்த ஒரு தமிழ் வசனம் பாடமாகிவிட்டது. எல்லாரும் சிரிப்பார்கள். இஞ்ஞாசி சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் டவுனில் நடப்பதே மாறிப்போனது. யாரைப் பார்த்தாலும் முதலில் இடது தோளைப் பார்த்தார். பஸ் நிலையத்தில், மரக்கறிச் சந்தையில், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முன்வரிசையில் முழங்காலில் இருப்பவர்களின் முதுகில். மாத்தளையில் இத்தனை பேருக்குத் தோள் சரிந்திருக்கும் என்று அவர் அதுவரை நினைத்ததில்லை. மூட்டை தூக்கியவர்கள், கொழுந்துக் கூடை சுமந்தவர்கள், ஒரே பக்கம் பை மாட்டிப் பழகிய பிள்ளைகள். அந்தச் சிரித்துப் பேசுபவனை எப்படிக் கண்டுபிடிப்பது? சிரித்துப் பேசாதவர் யார்?

மகளிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. எல்கடுவ பஸ்ஸில், கடைசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தார்.

"நீ ஒரு மாசம் வீட்டுல இரு, புள்ள. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

டிலுக்ஷி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் நின்னா வேற யாரு நிப்பா? வேற வீட்டுப் புள்ளய கொண்டாந்து வைப்பீங்களா, ஒன்னும் சொல்லாம?"

அவர் பஸ் டிக்கெட்டை மடித்துப் பொக்கெற்றுக்குள் போட்டார்.

"அவங்களுக்கெல்லாம் சொல்லிருங்கப்பா. கிறிஷாந்த் அண்ணனுக்காச்சும்."

"மனேஜர் வேணாம்னுட்டாரு."

"மனேஜரா கேட்டுல நிக்கிறாரு?"

பஸ் லயத்தடியில் நின்றது. கொண்டக்டர் வழக்கம்போலக் கையால் தகட்டைத் தட்டினான். "அப்பாவும் மகளும் எறங்கு!" மேலே குசினி வெளிச்சம் தெரிந்தது. கொறற்றியின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் வந்தாச்சு" என்றார் இஞ்ஞாசி.

மாசி மாதத்துத் தேர்த் திருவிழா நெருங்கியது. அம்மன் தேர் வரும் நாளில் பெரிய வீதியில் வாகனம் ஓடாது. பொலிஸ்காரர்கள் எல்லாரும் தேரோடு நிற்பார்கள். தவிலும் பறையும் வெடியும் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. இஞ்ஞாசி அன்றைக்கு ஒருவருக்கும் லீவு இல்லை என்றார். முன் ஷட்டரை மூடி வைக்கவும் கேட்டார்.

"தேர் வரக்குள்ள மூடி வெச்சா சனம் என்ன நினைக்கும்?" என்றார் ரிஸ்வி. "வருசா வருசம் நாங்க வாசல்ல சர்பத் குடுக்கிறது. பாதியாவது தொறங்க."

தேருக்கு முதல் நாள் மாலை கிறிஷாந்த் வந்து நின்றான். அவன் மனைவி மகனுக்கு நேர்ந்திருந்தாள். பிறந்தபோது மூச்சு விடச் சிரமப்பட்ட பிள்ளை. மூன்று வயதில் தேர் நாளன்று அப்பாவின் தோளில் கொண்டுவந்து காட்டுவதாக நேர்த்தி.

"ரெண்டே ரெண்டு மணித்தியாலம், மாமா."

"நாளைக்கு முடியாதுடா. நாளையிண்டைக்கு ஒரு கெழம வேணும்னாலும் எடுத்துக்க."

"நாளையிண்டைக்குத் தேரு வருமா, மாமா?"

"முடியாதுன்னா முடியாது."

கிறிஷாந்த் காரணத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்து நின்றான். இஞ்ஞாசியின் வாய்வரை வந்தது. அறைக்குள் ரிஸ்வி இருந்தார். கிறிஷாந்த் போய்விட்டான்.

காலை வரிசையில் கிறிஷாந்த் நின்றான். இஞ்ஞாசி அவன் முகத்தைப் பார்த்தார்; அவனேதான். மனம் கொஞ்சம் ஆறியது. பிற்பகலில் தேர் சந்தி திரும்பியதும் வீதி ஒரே தலையாகிவிட்டது. ரிஸ்வியும் மற்ற அலுவலர்களும் வாசலில் சர்பத் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடகு அறையில் டிலுக்ஷியும், வெளியே போக வழியில்லாமல் உட்கார்ந்துவிட்ட இரண்டு பெண்களும் மட்டும். இஞ்ஞாசி பாதி ஏறிய ஷட்டரடியில் நின்று, உள்ளே நுழையக்கூடிய ஒவ்வொரு தோளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர் வாசலுக்கு நேரே வந்து நின்றது. சனம் கையைத் தூக்கியது. தூக்கிய கைகளுக்கு நடுவே ஒரு பிள்ளை உயர்ந்து தெரிந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலை, பயந்துபோன பெரிய கண்கள். பிள்ளையின் கால்கள் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தவன் வேட்டி கட்டியிருந்தான். கிறிஷாந்த்.

அவனும் அவரைக் கண்டுவிட்டான். அகப்பட்டுக்கொண்ட பிள்ளைபோல் பல்லைக் காட்டி, தலையைச் சரித்து, பின்பக்கம் கையை நீட்டினான். கவலைப்படாதீர்கள், கேட்டில் ஆள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கேட்டை அவன் காலியாக விட்டுவிட்டு வரவில்லை. எந்தக் காலத்திலும் விடமாட்டான்.

இஞ்ஞாசி திரும்பி உள்ளே ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடியதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தைத் தாண்டி, அடகு அறையைத் தாண்டி, கிராதி வாசலுக்கு வந்தார்.

நடையில் இருவர் வந்துகொண்டிருந்தார்கள். சாம்பல் சேர்ட், கறுப்புக் களிசான். முன்னால் வந்தவன் அவரைக் கண்டதும் சிரித்தான். பின்னால் வந்தவன் சிரிக்கவில்லை. அவன் சேர்ட் தோளில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அழகாக உட்கார்ந்திருந்தது. ஸுபைதா நல்ல தையல்காரி.

"அப்பா?" என்றாள் டிலுக்ஷி பின்னாலிருந்து.

உள்ளே நின்றபடி கிராதியை இழுத்துச் சாத்தினால் போதும். ஆனால் அது நடைப்பக்கமாகத் திறந்து சுவரோடு சாய்ந்து கிடந்தது. அதைப் பிடிக்க நடைக்குள் இரண்டு எட்டு வைக்க வேண்டும். வைத்தால் திரும்பி உள்ளே வர நேரம் இருக்காது. இஞ்ஞாசி நடைக்குள் போனார். கிராதியைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்தினார். பூட்டு விழுந்தது. இடுப்பிலிருந்த சாவியைக் கம்பிகளுக்கு ஊடாக உள்ளே, மகளின் காலடிக்கு எறிந்தார்.

"தொறக்காத, புள்ள" என்றார். வெளியே வெடி கொளுத்தினார்கள். அவள் தகப்பனின் உதடுகளைத்தான் பார்த்தாள், சத்தம் கேட்கவில்லை.

உள்ளே இருந்த நகையில் ஒரு மோதிரம்கூடப் போகவில்லை. தேர் அடுத்த சந்தியைத் தாண்டிய பிறகுதான் கிராதியடியில் நின்று அவள் அலறியது வாசலில் நின்றவர்களுக்குக் கேட்டது. அவர்கள் ஓடி வந்தபோது நடையில் இஞ்ஞாசி மட்டும் கிடந்தார்.

ஷியாம் பின் முற்றத்தில், மச்சானின் உடுப்போடு, தொட்டியோரம் குந்தியிருந்தான். ஏன் கேட்டைத் திறந்தாய் என்று ஒருவர் மாறி ஒருவர் கேட்டார்கள். அவன் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"அவங்களும் இதே ட்ரெஸ்ஸுலதான் வந்தாங்க. யட்டவத்த கிளையிலேருந்து ஒதவிக்கு வந்தோம்னாங்க. நீங்க யாருன்னு நான் எப்படிக் கேக்குறது? நானே கிறிஷாந்த்னு சொல்லிக்கிட்டு நிக்கிறேன்."

மறுநாள் நிறுவனம் திறக்கவில்லை. இருந்தும் பழக்கதோஷத்தில் எல்லாரும் பின் முற்றத்தில் வந்து வரிசையாக நின்றார்கள். கிறிஷாந்த் உடுப்புப் போடாமல் வரிசைக்கு வெளியே, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. லக்கலை மனிதர்தான் பெயர் கூப்பிட்டார். முதல் பெயர், "இஞ்ஞாசி" என்று தன்னையறியாமல் வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெயருக்கு ஒருவரும் முன்னால் வரவில்லை. பிறகு அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் இஞ்ஞாசியின் உடலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ரிஸ்வி தன் காரில் வரும்படி டிலுக்ஷியைக் கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்று, பெட்டி ஏற்றிய வேனிலேயே ஏறிக்கொண்டாள். வளைவுகளில் பெட்டி வழுக்காமல் இருக்க ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள். மலையில் பனி இறங்கியிருந்தது. லயத்தடியில் வேன் நின்றபோது யாரும் தகட்டைத் தட்டவில்லை.

படிக்கு மேலே சனத்துக்கு நடுவில் கொறற்றி நின்றாள். காலடிச் சத்தம் கேட்டு அவள் வாய் திறந்தது. பெட்டியைத் தூக்கியவர்களோடு டிலுக்ஷி படியேறி வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள்.

"ரெண்டு பேரும் வந்துட்டோம்மா" என்றாள்.